‘வீட்ல மாடு இருக்கா?’

பவளத்தை ஏற்றிக்கொண்டு போனது ஒரு புதன்கிழமை. செவ்வாயிலும் வெள்ளியிலும் வீட்டை விட்டு மாடு போகக் கூடாது என்பதால் செல்வாம்பாள்தான் புதனைச் சொல்லியிருந்தாள். சேதராப்பட்டிலிருந்து மாலாவும் அவள் கணவன் கோபிநாத்தும் விடிந்ததும் விடியாததுமாகக் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார்கள். நெல்லித்தோப்பின் அந்தச் சந்துக்குள் ஸ்கூட்டர் திரும்புவதே பெரும்பாடு. வண்டியை முனையில் நிறுத்திவிட்டு மாட்டை நடத்தித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயில் நுரையோடு வாசலில் நின்று, கல்யாணமான பெண்ணை அனுப்பிவைப்பதுபோலப் பார்த்தார்கள்.

கோபிநாத் புதுக்கயிறு கொண்டுவந்திருந்தான். பழைய கயிற்றை அவிழ்த்து செல்வாம்பாள் கையில் கொடுத்தான். மாடு போனாலும் கயிறு வீட்டில் நிற்க வேண்டும், அது வழக்கம். அதை முழங்கையில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் முனைவரைக்கும் நடந்தாள். இடுப்பில் பெல்ட். ஒவ்வொரு அடிக்கும் முதுகின் அடியில் யாரோ திருகாணியை முடுக்குவது போல இருந்தது.

வண்டிப் பலகையில் கால் வைக்க பவளம் மறுத்தது. கோபிநாத் இழுத்தான், செல்வாம்பாளின் கணவன் இராமதாஸ் பின்னாலிருந்து தள்ளினான். ஆறுமாதச் சினை மாடு. ஓரளவுக்கு மேல் தள்ளவும் முடியாது. கடைசியில் செல்வாம்பாள் போய் அதன் தொடையில் கையை வைத்து, "ஏறு. நானா உன்ன வேணான்னேன்? குனிய முடியலடி" என்றாள். பவளம் ஏறிக்கொண்டது.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

"வாணாங்கா," என்றாள் மாலா. கல்யாணமாகி இரண்டு வருடமான சின்னப் பெண். முகம் வெளுத்துக் கிடந்தது. "வயிறு சரியில்ல. பால் வாசன வந்தாலே பொரட்டுது."

"மாடு வாங்க வந்தவ பால் வாசன ஆவலங்கறா பாரு," என்று சிரித்தான் இராமதாஸ். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி கிளம்பியது. செல்வாம்பாள் கயிற்றோடு வீட்டுக்குத் திரும்பினாள். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு வீட்டு வாசல்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது.

செல்வாம்பாள் வாயாடி. அது அந்தத் தெருவுக்கே தெரியும். நூல் மில்லில் பதினெட்டு வருடம் நின்றவள். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல், மில் மூடிய பிறகும் இறங்கவில்லை. மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில்தான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பவளத்தைப் பிடித்துவந்தாள். மாமியார் காலத்திலிருந்தே அந்த வீட்டுப் பக்கவாட்டில் மாடு கட்டுவது உண்டு. ஒரே மகளையும் கடலூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இராமதாஸ் பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அவன் வேலைக்குப் போனால் வீட்டில் பேச்சுத்துணைக்கு மாடுதான்.

டவுனுக்குள் மாடு வைத்திருப்பதில் ஒரு தொல்லை உண்டு. தெருவில் மாடு திரிகிறது, சாணி கிடக்கிறது என்று யாராவது புகார் கொடுத்தால், நகராட்சியிலிருந்து கையில் பேனாவோடு ஆள் வருவார். "வீட்ல மாடு இருக்கா?" அந்தக் கேள்விக்கு அந்தச் சந்தில் ஒரே பதில்தான்: "இல்லிங்க." ஒருமுறை செல்வாம்பாள் அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளேயிருந்து பவளம் குரல் கொடுத்துவிட்டது. "டிவிங்க, சத்தமா வெச்சிட்டாரு" என்றாள் கண் கொட்டாமல். வந்தவரும் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இடுப்புவலி வந்து இரண்டு வருடத்துக்கு மேல். எங்கே எப்போது ஆரம்பித்தது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? பதினெட்டு வருடம் நின்ற இடுப்பு. எல்லோரும் மில்லைத்தான் சொன்னார்கள். அவளும் அதைத்தான் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் தேய்மானம் என்றார்கள். வலி மாத்திரை, ஊசி, பெல்ட். ஒருவர் மூலிகை எண்ணெய் போட்டு உருவிவிட்டார். அன்று இரவெல்லாம் அழுதாள். சாயங்காலம் ஆனால் உடம்பு கணகணவென்று வரும். தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருக்கும். அதை அந்த வயசில் வரும் கோளாறு என்றார்கள் பெண்கள். ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். பிறகு குனிந்து கறக்க முடியாமல் போனது. இராமதாஸ் கறந்தால் பவளம் காலை வீசியது. அப்படித்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

மாடு போயும் வலி போகவில்லை. எழுந்து கழிவறைக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டும் என்றானபோது இராமதாஸ் லீவு போட்டு அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர் அறிவுமதி சின்ன வயசுக்காரி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பினாள்.

"அம்மா, இது வெறும் தேய்மானம் மாதிரி இல்ல. ரெண்டு எலும்பும் நடுவுல இருக்கற டிஸ்க்கும் சேந்து புண்ணாகி இருக்கு. ஏதோ கிருமி போய் உக்காந்திருக்கு."

"முதுகெலும்புல எப்பிடி டாக்டரம்மா கிருமி போவும்? அங்க என்னா வழி இருக்கு?"

"ரத்தத்துல போகும். நம்ம ஊருல இப்படி இருந்தா முதல்ல டிபியத்தான் நெனைப்போம். முதுகெலும்புலயும் டிபி வரும். அதுக்குத்தான் மருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்." அவள் பேனாவை எடுத்தாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். வீட்ல மாடு, ஆடு ஏதாவது இருக்கா?"

"இல்லிங்க," என்றாள் செல்வாம்பாள்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அரசாங்கக் கட்டடம், எதிரே கையில் பேனாவோடு ஓர் ஆள். வாய் தானாகச் சொன்னது. அது பொய்யும் இல்லை. வீட்டில் மாடு இல்லைதான். இராமதாஸும் தலையை ஆட்டினான். டாக்டர் எழுதத் தொடங்கினாள்.

"மாத்திரை கொஞ்சம் பலமா இருக்கும். நல்லா சாப்பிடணும். முட்டை சாப்பிடுங்க, தெனமும் ரெண்டு வேள பால் குடிங்க."

"பால் வாணாம் டாக்டரம்மா. பாக்கெட்டுப் பாலு எனக்கு எறங்காது. அது பாலா? சுண்ணாம்புத் தண்ணி. மாமியா காலத்துலேர்ந்து நம்ம வீட்டு மாட்டுப் பாலுதான். கறந்த சூட்டோட அப்பிடியே ஒரு டம்ளர் குடிச்சிட்டுத்தான் நான் அடுப்பே பத்தவெப்பேன்."

பேனா நின்றது. "மாடு இல்லன்னு சொன்னீங்களே?"

"இல்லதான். வித்துட்டோமே."

"எப்ப வித்தீங்க?"

"ரெண்டு மாசம் ஆவுது." இராமதாஸ் தொண்டையைச் செருமினான். "நகராட்சிலேர்ந்து வந்து வந்து கேப்பாங்க மேடம், அந்தப் பழக்கத்துல..."

டாக்டர் அறிவுமதி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுதிய தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அம்மா, இப்ப அந்த மாட்டப் பத்தி எல்லாத்தையும் சொல்லுங்க."

செல்வாம்பாளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வில்லியனூரில் பிடித்ததிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே வரிசை நீண்டது. டாக்டர் இடையில் ஒன்று கேட்டாள்: "கன்னு எப்பவாவது கலைஞ்சிருக்கா?"

கலைந்திருந்தது. ஒரு மழைக்காலம், ஏழாம் மாதத்தில். கன்று செத்துத்தான் விழுந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. மாட்டு டாக்டர் வரும்வரைக்கும் பொறுக்காமல், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு செல்வாம்பாள்தான் முழங்கைவரை உள்ளே கைவிட்டு எடுத்தாள். விரலில் அரிவாள்மனை வெட்டு வேறு. எடுத்ததை வைக்கோலில் சுருட்டிச் சாக்கில் கட்டி, இராமதாஸ் வேலைக்குப் போகும்போது கொண்டுபோய் வழியில் இருக்கும் ஆலமரத்துக் கிளையில் தொங்கவிட்டான். ஆலமரம் பால் வடியும் மரம். அதில் கட்டினால்தான் மாட்டுக்குப் பால் வற்றாது என்று எல்லோரும் செய்வதுதான்.

"அதுக்கு அப்புறம் எத்தன நாள்ல இடுப்பு வலி வந்துது?"

செல்வாம்பாள் யோசித்தாள். அந்தத் தீபாவளிக்கு முறுக்கு பிழிய உட்கார்ந்து எழ முடியாமல் போனது ஞாபகம் வந்தது. கன்று விழுந்தது அதற்கு முந்தின மாதம்தான். இரண்டையும் அவள் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டர் பெயரைச் சொன்னாள்: புரூசெல்லா. மாட்டிலிருந்து வரும் கிருமி. கன்று கலையும்போது வரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கோடிக்கணக்கில் இருக்கும்; காய்ச்சாத பாலிலும் இருக்கும். டிபி மருந்து மட்டும் கொடுத்திருந்தால் பாதி அடங்கி, பாதி உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்றாள்.

"அப்போ எங்க தெருவுல பாலு வாங்கினவங்க?" செல்வாம்பாளின் முதல் கேள்வி அதுதான்.

"காய்ச்சித்தானே குடிப்பாங்க? காய்ச்சினா செத்துடும். பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் பண்ணிடலாம்." அவனுக்கு ஒன்றும் இல்லை என்று பிறகு வந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது செல்வாம்பாள் விரல்விட்டு எண்ணினாள். இராமதாஸ் பார்த்துக்கொண்டே வந்தான்.

"என்னா எண்ணற?"

"பவளத்துக்கு இது எட்டாம் மாசம்."

அவனுக்கு உடனே புரிந்தது. ஆட்டோக்காரர் காதில் விழாதபடி அவள் பக்கம் சாய்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சொன்னா, தெரிஞ்சே சீக்கு மாட்டத் தலையில கட்டினோம்னு சொல்லுவாங்க. கோபிநாத் கம்பெனிக்கும் எங்க கம்பெனிக்கும் ஆளுங்க போக வர இருக்கு. நாள பின்ன நான் தல நிமிந்து போவ வாணாமா?"

"அந்தப் பொண்ணு என்ன மாதிரியே கைய விட்டு இழுக்கும்யா."

"இழுக்காமலும் இருக்கலாம். மாடு நல்லாவும் ஈனலாம்."

"நான் ரெண்டு வருசம் படுத்தேன். அவ படுக்கறதுக்கு இன்னும் வயசு நெறைய கெடக்குது." அவள் வெளியே பார்த்தாள். "நீ ஃபோன மட்டும் போட்டுக் குடு. திட்டு வாங்கறது நான் வாங்கிக்கறேன்."

நேரில் போயிருக்க வேண்டும். சேதராப்பட்டு பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. ஃபோனில்தான் சொன்னாள், சொல்லவேண்டிய வரிசையில் சொல்ல வரவில்லை. தன் இடுப்பிலிருந்து தொடங்கி, ஸ்கேன், டாக்டர், கிருமி, அன்று கலைந்த கன்று என்று சுற்றி இப்போதைய சினைக்கு வருவதற்குள் மறுமுனையில் மாலாவின் குரல் மாறிவிட்டது.

"என்னாக்கா சொல்ற? சீக்கு மாட்டையா எங்களுக்கு வித்தீங்க?"

"எங்களுக்குத் தெரியாதும்மா. இன்னைக்குத்தான்..."

"ரெண்டு வருசம் முன்னாடி கன்னு கலைஞ்சுதுன்னு அன்னிக்கி ஏங்கா சொல்லல?"

மாடு விற்கிறவர்கள் அதையெல்லாம் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதும் இல்லை. செல்வாம்பாள் அதை விட்டுவிட்டுத் தன் மில் குரலில் கத்தினாள். "நீ என்னத் திட்டு, வாணாங்கல. ஆனா ஈனும்போது வெறுங்கைய வெக்காத. மாட்டு டாக்டரக் கூப்பிடு. நஞ்சக் கொண்டுபோய் மரத்துல கட்டாத, நாய் இழுக்கும், காக்கா கொத்தும்..."

ஃபோன் கட் ஆகியிருந்தது. எதுவரைக்கும் அவள் காதில் விழுந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் அதையே குரல் பதிவாக வாட்ஸாப்பில் அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அதற்கடுத்த முறை அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. இராமதாஸ் கம்பெனி ஆள் ஒருவர் மூலம் கோபிநாத்துக்கும் சொல்லி அனுப்பினான். "சரின்னு சொல்லச் சொன்னாரு" என்று மட்டும் வந்தது. அது கேட்டுக்கொண்ட சரியா, ஆளை விடு என்கிற சரியா என்று செல்வாம்பாள் பல நாள் யோசித்தாள்.

அவள் வைத்தியம் நீண்டது. முதலில் தினமும் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. ஒரு மாத்திரைக்குச் சிறுநீர் செம்பருத்தி நிறத்தில் போனது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடியதில், அது அப்படித்தான், முன்பே சொல்ல மறந்துவிட்டேன் என்று டாக்டர் மன்னிப்புக் கேட்டாள். ஒரு டாக்டர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதைச் செல்வாம்பாள் ஊரெல்லாம் சொன்னாள்.

முதலில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. அடுத்து தலையணை காய்ந்தது. வலி அத்தனை சுலபத்தில் போகவில்லை. அடம்பிடித்த விருந்தாளி மாதிரி மூட்டை கட்டி மூட்டை கட்டி உட்கார்ந்துகொண்டது. அந்த மாதங்களில் இராமதாஸ் சமைக்கக் கற்றுக்கொண்டான். ஷிப்டு முடிந்து வந்து ரசம் வைப்பான். படுத்துக்கொண்டே அவள் உத்தரவு போடுவாள். "வாயில மட்டும் கிருமி போவல" என்று முணுமுணுத்துக்கொண்டே கடுகு தாளிப்பான். எதிர்வீட்டு ஆயம்மா தலை சீவிவிட வந்தாள். பால் வாங்கிய வீடுகளிலிருந்து முறை வைத்ததுபோல முட்டை வந்தது. இத்தனை வருடம் இந்தத் தெருவுக்குப் பால் ஊற்றியதற்குத் தெரு திருப்பி ஊற்றுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வாயாடிக்கும் சொல்ல வராத சில பேச்சு உண்டு.

அவள் சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கியதும் ஆயம்மா ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகக் கேட்டாள்.

"அந்த மாத்திரையில ரெண்டு மூணு எனக்குங் குடேன். எனக்கும்தான் இடுப்பு பிச்சுக்கினு போவுது."

"உனக்கு மாடு ஏது?"

"மாடு எதுக்கு? நீதான கிருமின்னு சொன்ன."

அடுத்தமுறை டாக்டரிடம் அதையும் கேட்டாள். டாக்டர் அறிவுமதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "எல்லா இடுப்பு வலிக்கும் கிருமிதான் காரணம்னு நெனச்சுடக் கூடாதும்மா. நெறைய பேருக்கு அது கிடையாது. டிஸ்க்குல சின்னச் சின்னக் கிருமி உக்காந்து நாள்பட்ட வலி குடுக்குதான்னு பெரிய பெரிய டாக்டருங்களே இன்னும் சண்ட போட்டுக்கினு இருக்காங்க. மாத்திர குடுத்துப் பாத்ததுல சிலருக்குக் கேட்டுது, சிலருக்குக் கேக்கல. உங்களுக்கு ரத்தத்துல தெளிவா தெரிஞ்சுது, அதனால குடுத்தேன். சும்மா முழுங்கினா வயிறுதான் கெடும். அந்த அம்மாவ இங்க வரச் சொல்லுங்க. வந்தா அவங்கள எல்லாம் கேப்பேன்."

"கேளு டாக்டரம்மா. நல்லாக் கேளு. நான் இல்லன்னு சொன்னப்புறம்கூட நீ நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தியே, அது மாதிரி கேளு."

ஆயம்மா போனாள். அவளுக்கு வெறும் தேய்மானம்தான். உடற்பயிற்சி எழுதிக்கொடுத்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மாத்திரை முடிந்தது. திரும்ப ஸ்கேன் எடுத்ததில் புண் ஆறியிருந்தது. கிருமி எலும்பை அரித்த இடம் அரித்ததுதான், குளிர்நாளில் வலிக்கும், பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். செல்வாம்பாளுக்கு அது போதும். குனிந்து வாசல் தெளிக்க முடிகிறது, தன் தலையைத் தானே சீவ முடிகிறது. முருகனுக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தினாள். அதே கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் ஒரு பை நிறைய முறுக்கைக் கொடுத்தாள். தானே உட்கார்ந்து பிழிந்து, தானே எழுந்து சுட்ட முறுக்கு.

ஒன்று மட்டும் உள்ளே கிடந்து உறுத்தியது. பவளத்தின் மாதம் எப்போதோ கடந்துவிட்டது. மழை வந்தது, பொங்கல் வந்தது. ஆணியில் தொங்கிய பழைய கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் மாலாவின் வெளுத்த முகம் ஞாபகம் வரும். அவள் கை உள்ளே போயிற்றா, போகவில்லையா? போயிருந்தால், தனக்குக் கிடைத்த மாதிரி நாற்காலியை இழுத்துப் போடும் ஒரு டாக்டர் அவளுக்கும் கிடைக்க வேண்டுமே. தனக்கு நல்லபடியாக ஆனதை நினைத்துக் கும்பிடும் ஒவ்வொரு முறையும் கும்பிடு பாதியில் நின்றது.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது இராமதாஸ் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தான். "சேதராப்பட்டுலேர்ந்து," என்றான். மாலாவின் குரல் பதிவு. செல்வாம்பாள் கோலமாவுக் கையோடு அப்படியே குந்தியிருந்து கேட்டாள். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, மாலா பேசறேன். இத்தினி நாள் பேசலன்னு கோவமா இருப்ப. எனக்கும் கோவந்தான் இருந்துச்சு. நீ ஃபோன்ல கத்தின இல்ல, அந்த வாரமே பவளம் கன்னு போட்டுச்சு. செத்துத்தான் பொறந்துது. மாமியா என்னக் கையப் போடச் சொன்னாங்க. உன் குரல்தான் காதுல கேட்டுக்கினே இருந்துச்சு, நான் மாட்டேன்னு கொட்டாய்க்கு வெளியவே நின்னுட்டேன். இவரு மாட்டு டாக்டரக் கூட்டாந்தாரு. அவரு கையுற போட்டுக்கினு எடுத்தாரு. மரத்துல கட்டலக்கா. ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் பொதச்சோம். பவளத்துக்கும் அந்தச் சீக்குதான்னு சொன்னாங்க. தனியாக் கட்டி வெச்சிருக்கோம், இனிமே சினைக்கு உடக் கூடாதாம். மாமியா திட்டிக்கினேதான் வைக்கோல் போடறாங்க, ஆனா போடறாங்க. அக்கா, அன்னிக்கி டீ வாணான்னேன் இல்ல, அப்ப எனக்கு ரெண்டு மாசம். யாருக்கும் சொல்லல. நான் கைய வெச்சிருந்தா புள்ள தங்காமக்கூடப் போயிருக்கலாம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. எங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல. பொண்ணு பொறந்திருக்குக்கா. பூவிழின்னு பேரு வெச்சிருக்கோம். அழுவுது பாரு, உன்ன மாதிரியே தொண்ட. வந்து பாத்துட்டுப் போ. இடுப்பு எப்பிடி இருக்குது? பஸ்ல உக்காந்து வர முடியுமா?"